ஆசிரியர் அறையில் பேசிய கணினி

கணக்கு டீச்சருக்கு மார்பில் கட்டி இருக்கிறது என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் வாய்விட்டுச் சொன்னது ஆசிரியர் அறைக் கணினிதான். அதைப் பேச வைத்தவள் நான்.

எனக்குக் கண் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சலில் போய்விட்டது. நாமக்கல் பக்கத்திலிருந்து வேலை கிடைத்துக் கொல்லிமலைக்கு வந்தேன். இங்கே ஊர்களின் கூட்டத்தை நாடு என்பார்கள்; திண்ணனூர் நாட்டில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். திரையில் இருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துக்காட்டுகிற நிரல் ஒன்று உண்டு, திரைவாசிப்பான் என்பார்கள். அது ஓடினால் நானே வினாத்தாள் அடிப்பேன், நானே மதிப்பெண் ஏற்றுவேன், யார் தயவும் வேண்டாம். அது ஓடாவிட்டால் என் முன்னால் இருப்பது வெறும் டப்பா.

எங்கள் பள்ளியில் இருப்பது லினக்ஸ் கணினி. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்து, முகப்புத் திரை வந்ததும் எந்தெந்த நிரல் தானாகத் தொடங்க வேண்டும் என்று அதில் சொல்லி வைக்கலாம். நிரலுக்கு ஒரு பெயர், அதை ஓட்டுகிற கட்டளை, இரண்டையும் தட்டினால் போதும். நான் திரைவாசிப்பானைச் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலையில் நுழைந்தவுடன் அது பேசியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயேன், வந்து எனக்கு இதை ஆரம்பித்துக் கொடேன் என்று யாரையும் கூப்பிட வேண்டியதில்லை அல்லவா.

இந்த ஏற்பாடு கணினி முழுவதற்குமானது அல்ல, நுழைகிறவரின் பெயருக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். யார் உட்கார்ந்தாலும் பள்ளியின் பெயரில்தான் நுழைவார்கள். வேறு மாதிரி செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு குடத்தில் எல்லோரும் தண்ணீர் மொண்டு குடிக்கிற மாதிரிதான். அதனால் அது எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பேசியது. வழக்கமாக மற்றவர்கள் ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

கணக்கு டீச்சர் என்னைவிட இளையவள், ராசிபுரத்துப் பெண். மலையில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அங்கே கைபேசிக்கு டவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சொந்த மின்மடலைப் பார்க்க வேண்டுமானாலும் பள்ளிக் கணினிதான் கதி. விடுமுறையில் சேலத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டியிருக்கிறாள். மறுபடி எப்போது வர வேண்டும், எந்த இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள், எதற்காக என்றெல்லாம் மருத்துவமனையிலிருந்து மடல் வந்தது. படபடப்பில் ஸ்பீக்கரைக் குறைக்க மறந்து அவள் அதைத் திறந்துவிட்டாள். உடற்கல்வி ஆசிரியர், தமிழய்யா, தலைமையாசிரியர் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். கணினி ஒரு சொல் விடாமல் படித்தது.

நான் அப்போது வகுப்பில் இருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்களாம். ஆகா, என்ன இரக்கம்.

மறுநாள் நான் போய் உட்கார்ந்தேன். கணினியில் சத்தமே இல்லை. கடவுச்சொல்லை மறுபடி தட்டினேன். நிரலைக் கையால் தொடங்கிப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயரைத் தடவிப் பார்த்தேன், அது அதன் இடத்தில்தான் இருந்தது. காதில் மாட்டும் கருவியைச் செருகினேன், அதுவும் ஊமை. காலாண்டு மதிப்பெண் ஏற்ற வேண்டிய வாரம் அது. தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து நின்று, "உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் இந்தச் சிரமம்? வாயில சொல்லுங்க, யாராச்சும் அடிச்சுக் குடுக்கட்டும்" என்றார். நல்ல மனிதர். அந்த நல்ல குணம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. வாழ்நாள் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், மலை முழுக்க அது தெரியும். யாரோ வேண்டுமென்றே செய்த வேலை இது, என் வாயைக் கட்டிப்போட்டால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று அறை நடுவில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஒரு நாற்காலி மட்டும் நகர்ந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"நான்தானுங்க அக்கா நிறுத்தினேன். தானா ஆரம்பிக்கறதையும் எடுத்துட்டு, சத்தத்தையும் அடியோட அணைச்சுட்டேன். உங்களுக்குத்தான் அது வேணும்னு அப்ப எனக்கு ஞாபகமே வரலீங்க."

பிறகு ஏன் என்று சொன்னாள். கட்டியைப் பற்றி நான் கேட்டது அப்போதுதான். திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. என்னிடமிருந்து அந்தக் குரலைப் பிடுங்கினால்தான் அவளுக்கு மானம் என்று ஆகிப்போயிருந்தது. இதில் யாரைத் திட்டுவது? அவள் கையைப் பிடித்தேன். பனியில் வந்த கை மாதிரி ஜில்லென்று இருந்தது.

அன்று மாலையே தலைமையாசிரியரிடம் கணினியின் நிர்வாகக் கடவுச்சொல்லை வாங்கினோம். அவள் திரையைப் பார்த்துச் சொல்ல, நான் தட்டினேன். அவளுக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர், மற்றவர்களுக்குப் பழைய பெயர். என் பெயரில் மட்டும் சத்தத்தைத் திறந்து, திரைவாசிப்பான் தானாகத் தொடங்கும்படி வைத்தேன். அவள் தன் பெயரில் நுழைந்து பார்த்தாள். சத்தமில்லை. அவள் பெருமூச்சு மட்டும் கேட்டது. இவ்வளவுதானா, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

எனக்கும் ஒரு லாபம் இருந்தது. பொதுப்பெயரில் இருந்தவரை அதை நிதானமாகத்தான் பேச விட்டிருந்தேன். இனி என் வேகம், படுவேகம். பழகிய காதுக்கு அது பேச்சு. மற்றவர்களுக்குக் கடுகு வெடிக்கிற சத்தம். தமிழய்யா ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, இது எந்தத் தேசத்து மொழி என்று கிண்டல் செய்தார். மதிப்பெண்ணை நானே ஏற்றி முடித்தேன்.

அவள் சேலத்துக்குப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு மடலில் வரும் என்றார்களாம். அதன் பிறகு தினமும் அவள் தன் பெயரில் நுழைவாள், பார்ப்பாள், வெளியேறுவாள். வகுப்பில் சிரித்துப் பேசுவாள். எனக்குத்தான் பயமாக இருந்தது. ராசிபுரத்தில் இருக்கும் கணவரிடம் சொன்னாயா என்று கேட்டால், முடிவு தெரியட்டும் என்பாள்.

ஒருநாள் பள்ளி விட்டு எல்லோரும் சோளக்காடு ஊருக்குப் போய்ப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நான் வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"வந்துருச்சுங்க அக்கா. தலைப்பைப் பாத்ததும் மூடிட்டேன். என் கண்ணால இதைப் படிக்க முடியாது. உங்க பேர்ல திறங்க."

குனிந்து தன் மடலின் கடவுச்சொல்லை அவளே தட்டினாள். நான் காதுக்கருவியின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன். அவள் மாட்டிக்கொண்டாள். கூடவே கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு மடலோடு வந்த இணைப்பைத் திறந்தேன்.

அது என் வேகத்தில் ஓடியது. நோயாளியின் பெயர், வயது, சதை எடுத்த இடம் என்று போய், கடைசியில் அந்தச் சொல்லுக்கு வந்தது. அதற்குக் கீழே ஸ்கேன் குறிப்பு, கட்டி சிறியது, அக்குளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை என்று. எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. எனக்கு விளங்கிவிட்டது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே காதுக்கருவியின் மறுமுனை அவள் காதில் இருந்தது, நான் கேட்டதை அவளும் கேட்டாள், ஆனாலும் விஷயம் இன்னும் அவளிடம் போய்ச் சேரவில்லை. என் தோளில் அவள் விரல்கள் இறுகின.

"மெதுவா வைங்க அக்கா. என்ன சொல்லுதுன்னு தெரியலை."

மெதுவாக வைக்க ஒரு விசைதான். விரல் அதன் மேல் போனது. முன்பு ஒருமுறை இந்தக் குரல்தான் நாலு பேர் நடுவில் இவள் மானத்தை வாங்கியது. இதையும் அதுவா சொல்ல வேண்டும்? எனக்கு மனசு வரவில்லை. நிரலை நிறுத்தினேன். அவள் காதிலிருந்ததையும் நானே தடவி எடுத்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தேன்.

"இருக்குது கண்ணு," என்றேன். "கேன்சர்தான். கட்டி சின்னதுன்னு போட்டிருக்குது, பரவலைன்னும் போட்டிருக்குது. காலையில மொத பஸ்ஸுல கீழ எறங்கலாம். நானும் கூட வாரேன்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. இன்னொருக்கா சொல்லுங்க அக்கா என்றாள். நான் சொன்னேன், இந்த முறை மெதுவாக.