துளசிங்கம் கொடுத்த பெயர்

பழவேற்காடு பஜாரில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வராத ஆதார் அட்டை இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்காது. யார் வீட்டில் பாகப்பிரிவினை, யார் புதிதாகக் கடன் வாங்கப்போகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் முன்னே என் மிஷினுக்குத் தெரிந்துவிடும். கடன் என்றால் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் இரண்டிரண்டு எடுப்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், ஏரிக்கரைக் குப்பத்துத் துளசிங்கம் அண்ணனும் ஒரு கடன்காரர்தான். அவரோ தனக்கென்று ஐந்து காசு கடன் வாங்காத மனிதர்.

ஏரியில் வலை கட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இருசம்மாள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் பூவிழி ஒருத்திதான் அவருக்கு உலகம். ஆள் குணத்தைக் கேட்டால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். என்னைக் கேட்டால் மட்டும் எரிச்சல்தான் வரும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதரைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமில்லை.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் குலுக்கல் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். முறை வந்த நாளில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பங்காளியோ மச்சானோ அந்த இடத்துக்குப் போவான். பட்டியலில் பெயர் காய்ச்சல்காரனுடையதாகவே இருக்கும். ஆனால் பட்ட இறால் வலை கட்டியவனுக்கு. வலை கிழிந்தால் அந்த நஷ்டமும் அவனுக்கே. பெயர் கொடுத்தவனிடம் அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

துளசிங்கம் அண்ணன் தன் முறையை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பாரோ, அவருக்கே நினைவிருக்காது. ஆகவே மச்சான் மூர்த்தி ஒருநாள் வந்து, பைக் எடுக்க உங்கள் பெயர் வேண்டும் மாமா என்று கேட்டபோது, அதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

மூர்த்தி இருசம்மாளின் தம்பி. கெட்டவன் கிடையாது. ஐஸ் கரைவதற்குள் இறாலைப் பொன்னேரிக்குக் கொண்டுபோக அவனுக்கு வண்டி வேண்டியிருந்தது. அதற்கு முன் தவணையில் ஒரு செல்போன் வாங்கி, பாதியில் கட்டாமல் விட்டிருந்தான். அதனால் பைனான்ஸ் கம்பெனி அவன் பெயரைப் பார்த்ததுமே முடியாது என்றுவிட்டது. மாமா பெயரோ கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. இருவரும் என் கடைக்குத்தான் வந்தார்கள். "பேரு மாமாவுது, கட்டப்போறது நானு" என்று மூர்த்தி கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான். அண்ணன் தலையாட்டினார். புரோக்கர் சின்னதம்பி விண்ணப்பத்தை நிரப்பும்போது, தவணை கட்டப்போகிறவன் இவன்தானே என்று மூர்த்தியின் செல் நம்பரையே எழுதிவிட்டான்.

ஒரு வருடம் மூர்த்தி ஒழுங்காகத்தான் கட்டினான். அதற்கடுத்த வருடம் முகத்துவாரம் மண்மூடிப்போனது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, இறாலும் வரவில்லை. தவணை நின்றது. கம்பெனி ஆட்கள் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி போச்சு, தொல்லை விட்டது என்று மூர்த்தி வந்து சொன்னான். இவரும் பாவம் என்று அவனுக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார். கம்பெனி அந்த வண்டியை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றது, மிச்சப் பணம் வட்டியோடு துளசிங்கம் பெயரில் வளர்ந்தது எதுவும் இருவருக்கும் தெரியாது. கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டதெல்லாம் மூர்த்தியின் நம்பருக்கு. தெரியாத நம்பர் வந்தால் அவன் எடுப்பதில்லை.

இதற்கிடையில் பூவிழி பிளஸ் டூ முடித்தாள். நர்சிங் சேரவேண்டும் என்று பிடிவாதம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவளுக்குள் விழுந்த ஆசை அது. நல்ல கல்லூரியில் சீட்டும் கிடைத்துவிட்டது. முதல் வருடப் பணத்தை மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும், கல்விக் கடன்தான் ஒரே வழி. அப்பாவும் மகளும் பொன்னேரியில் பேங்குக்குப் போனார்கள். படிக்கிற பிள்ளையோடு பெற்றவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கடன் அது. கீதா என்ற அதிகாரி கம்ப்யூட்டரில் அண்ணனின் பான் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் வண்டிக் கடன் ஒன்று நிலுவையில் இருக்கிறதே, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் ஸ்கோர் மிகவும் கீழே கிடக்கிறதே என்றார்.

அது என் வண்டி இல்லை, மச்சான் வண்டி, அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இவர் சொன்னாராம். அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"வண்டி யாருதுன்னு நான் கேக்கல சார். கையெழுத்து யாருது?"

பூவிழி பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே கடையில் உட்காரவைத்து, அவருடைய கடன் அறிக்கையை இணையத்தில் எடுத்துக் காட்டினேன். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. வருடத்துக்கு ஒருமுறை காசில்லாமலும் கிடைக்கும். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "ஒரே வாரத்தில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம்" என்று செல்லுக்கு வருகிற மெசேஜை மட்டும் நம்பி ஐயாயிரம், பத்தாயிரம் என்று அழுதுவிட்டு வருவார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் தனியாக வந்தார். வழக்கமாக வாசலிலேயே "இன்னா பால்ராஜு" என்று கூப்பிடுகிறவர் அன்று நேராகக் கல்லாவுக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, இரண்டிரண்டு காப்பி என்றார். திறந்தால் ஆதார் அட்டையும் புதுப் பான் அட்டையும். இரண்டும் பூவிழியுடையவை.

யாருக்குக் கடன் என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். சின்னதம்பி யோசனை சொல்லியிருந்தான். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அவள் பெயரில் ஒரு கறையும் இல்லை, போன் வழியாகவே உடனே பணம் வரும், அதை வைத்துப் பைக் பாக்கியை அடைத்துவிட்டால் பேங்கில் அப்புறம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று.

நான் அட்டைகளை மிஷின் கண்ணாடிமேல் வைத்து மூடினேன். வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"பூவிழிக்குத் தெரியுமாண்ணே?"

"கொயந்த அது, அதுக்கு இன்னா தெரியும். பேரு அவுளுது, கட்டப்போறது நானு."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதே இடத்தில், அதே கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு மூர்த்தி சொன்னது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பிறகு மிஷின் மூடியை அவரே தூக்கி, மகளின் அட்டைகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதுவரை அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அந்த ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்விட்டது.

என் கடையிலிருந்து அவர் நேராக மூர்த்தி வீட்டுக்குப் போனார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அவர்கள் வழக்கத்திலேயே இல்லாத காரியம். அதுவும் செத்துப்போன மனைவியின் தம்பியிடம் கேட்பது. மூர்த்தி முதலில் குதித்தான். வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், இன்னும் என்ன கடன் என்று சத்தம் போட்டான். அண்ணன் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. நாளைக்கு என்னோடு பொன்னேரிக்கு வா என்று மட்டும் சொன்னார். அங்கே கீதா மேடம் மூர்த்திக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தன் அக்கா மகளின் படிப்பு எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் டீயைத் தொடவே இல்லையாம்.

பாக்கி நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே தடவையில் பாதியைக் கொடுங்கள், செட்டில்மென்ட் போட்டு முடித்துவிடலாம் என்று பைனான்ஸ் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். மூர்த்திக்கு அதில் ஏக சந்தோஷம். கீதா மேடம்தான் தடுத்தார். செட்டில்மென்ட் என்று போட்டால் இவர் முழுசாகக் கட்டவில்லை என்று அறிக்கையில் வருஷக்கணக்கில் நிற்கும், அடுத்து கடன் கொடுக்கிறவன் கண்ணில் முதலில் படுவதே அதுதான், முடிந்தால் முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

முழுசாகக் கட்டப் பணத்துக்கு எங்கே போவது? மாதக் கடைசி வந்தது, போனது. பூவிழியின் சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் ஆரம்பாக்கத்தில் அத்தை வீட்டில் தங்கி, எளாவூர் செக்போஸ்ட் தாண்டி இருக்கும் செல்போன் கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போனாள். நர்ஸ் உடுப்புக்கு ஆசைப்பட்ட பெண், தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு நாளெல்லாம் ஸ்க்ரூ முடுக்கினாள். மாமனோடு பல மாதம் பேசவில்லை. அப்பாவோடு பேசினாள், ஆனால் முன்போல இல்லை. அது அவரை அரித்தது என்று எனக்குத் தெரியும்.

மழை வெள்ளத்தில் முகத்துவாரம் மறுபடி திறந்து, இறால் சீசனுக்குக் குலுக்கல் போடும் நாளில் ஊர் கூடியது. நான் அந்த ஊர்க்காரன் இல்லை, அண்ணன் சொல்லித்தான் தெரியும். மூர்த்தி எழுந்து, இந்த சீசன் முடிகிறவரை தன் முறையெல்லாம் மாமாவுக்கு என்றான். காய்ச்சலா, காலொடிந்ததா என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அத்தனை பேர் முன்னால் உள்ளதைச் சொன்னான்.

"மாமா பேர வாங்கினேன். கெடுத்துட்டேன். அத்தக் கட்டணும்."

பெரியவர்கள் அப்படியே ஒத்துக்கொண்டார்களாம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் யார் யார் பெயரிலோ போனும் டிவியும் வாங்கியிருந்தார்களோ, என் மிஷினுக்குத்தான் தெரியும்.

அந்த சீசன் முழுக்க அண்ணன் இரண்டு பேர் முறைக்கும் வலை கட்டினார். அந்த வயதில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது சாமானியமில்லை. மூர்த்தியும் கூடவே இறங்கி நின்றான், பங்கு வாங்காமல். தை பிறந்ததும் முழுப் பாக்கியையும் கட்டி, கம்பெனிக் காகிதத்தைக் கையில் வாங்கி, என்னிடம் கொண்டுவந்து காப்பி எடுத்தார். உடனே அறிக்கையைப் பார்க்கச் சொன்னார். அதில் இன்னும் பழைய பாக்கிதான் நின்றது. அவர் முகம் சுண்டிவிட்டது. கட்டிய விவரம் அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நாள் ஆகும், சேராவிட்டால் இந்தக் காகிதத்தை வைத்துப் புகார் போடலாம் என்று தேற்றி அனுப்பினேன். அதற்கப்புறம் பஜாருக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, ஏரியில் தண்ணீர் ஏறியதா என்று கேட்பது போல, "ஏறிச்சா?" என்பார். கீதா மேடம் சொன்னபடி இருசம்மாளின் கம்மலை வைத்துச் சின்னதாக ஒரு நகைக் கடன் வாங்கி, கெடுவுக்கு முன்னாலேயே கட்டி மீட்டார். கோடைக்குள் பாக்கி மறைந்தது, ஸ்கோரும் மெல்ல மேலே வந்தது. பழைய தவணை தவறிய குறி மட்டும் அப்படியே இருக்கிறது. அது போக இன்னும் வருஷங்கள் ஆகும்.

பூவிழிக்கு மறுபடியும் சீட்டுக் கிடைத்தது. பழைய தவறும் தெரிகிறது, முழுசாகக் கட்டியதும் தெரிகிறது என்று கீதா மேடம் மேலிடத்துக்கு எழுதி, கடன் பாஸானது. கையெழுத்துப் போடும் நாளில், இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூர்த்தி பேங்குக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான். மேடம் தாள்களைத் திருப்பி, பூவிழி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை எடுத்தபோது அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது உன் பேரு. யாரு வந்து கேட்டாலும் தராத. மாமன் கேட்டாலும் தராத."

அவள் சிரித்தாள். "நீ கேட்டா இன்னா நைனா பண்றது?"

"நானே கேட்டாலும் தராத."

பூவிழி அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். சரி நைனா என்று தலையாட்டிவிட்டு, குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். அன்றைக்குக் கடையில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்பது போலத் தலையசைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மேடத்தைக் கேட்டார்.