சட்டையில் தூசி இல்லாத ஞாயிறுகள்

கல்யாணமாகி அரியலூரில் குடியேறிய இரண்டாவது வருடம், என் கணவர் வலது கையில் மட்டும் நகம் வளர்க்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, "வெட்ட மறந்துட்டேன்" என்றார். ஒரு கைக்கு மட்டும் எப்படி மறக்கும்?

சிமெண்ட் ஆலையில் வேலை. ஞாயிறு வந்தால் ஓவர்டைம் என்று கிளம்புவார். ஆனால் அன்றைக்கு மட்டும் சட்டையில் தூசியே இருக்காது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் தொடையில் எதையோ தட்டும். நான் பார்த்தால் நின்றுவிடும். பூலாம்பாடியில் இருந்த அம்மாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

ஒருநாள் மார்க்கெட்டில் அவருடைய ஆலை நண்பரின் மனைவியைப் பார்த்தேன். "அண்ணன் வாராவாரம் எங்க வூட்டுக்கு வர்றாரே, நீங்களும் வாங்களேன்க்கா" என்றாள். சரியென்று தலையாட்டி, வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் போன கொஞ்ச நேரத்தில் நானும் அங்கே போய் நின்றேன். கூடத்தில் பாய் விரித்து, கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். எதிரே நண்பர்.

"இதான் ஓவர்டைமா?"

"இல்ல... சொன்னா சிரிப்பியோன்னு... முழுசா வந்ததும் உன் முன்னாடி வாசிக்கலாம்னு இருந்தேன்."

"எங்க, வாசிங்க பார்ப்போம்."

வாசித்தார். இவ்வளவு மோசமாக யாராலும் நடிக்க முடியாது என்று தோன்றிய பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அது பழைய இங்கிலீஷ் பாட்டு ஒன்றின் மெட்டு. நண்பர் கேசட்டைப் போட்டுக் காட்டினார். எனக்கு அதிலும் சந்தேகம். "இது ரெண்டு பேரு வாசிக்கிறாங்க. உங்கள ஏமாத்துறாங்க."

"ஒரே ஆளுதான் தங்கச்சி. கட்டைவிரல் தடிச்ச கம்பியோட அடிச் சத்தத்தப் பார்த்துக்கும், மத்த விரல் பாட்டப் பார்த்துக்கும்." நண்பரை மெதுவாக வாசிக்கச் சொல்லி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான். கம்பியைச் சுண்டியது வலது கை நகங்கள்.

மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் வேலைக்குப் போனதும் நான் எடுத்துப் பார்த்தேன். முதலில் கட்டைவிரல் மட்டும். அது தன்பாட்டில் நடக்கப் பழகும்வரை மற்ற விரல்களைச் சேர்க்கவில்லை. சேர்த்ததும் கட்டைவிரல் நின்றுபோனது, மறுபடி ஆரம்பித்தேன். இடது கை விரல் நுனிகள் எரிந்தன. சூடான டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது அவருக்குச் சந்தேகம் வந்தது. "கிட்டார இங்க யாரு வச்சது? சுருதி மாறியிருக்கே?" எனக்குத் தெரியாது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேறு அவரிடம், "நேத்து பகல்ல உங்க வூட்ல கிட்டார் சத்தம் கேட்டுச்சே, லீவா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் வந்து கதவைத் திறந்தார்.

அடுப்படித் தரையில் உட்கார்ந்து நான் அந்தப் பாட்டின் இரண்டாம் பகுதியில் இருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை என்று அவர் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டன.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்க தப்பா வாசிக்கிறதக் கேட்டுக் கேட்டுதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து வாசி" என்றார். வாசித்தேன். முடிந்தபோது அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

அந்தப் பாட்டை அவர் முழுசாக வாசிக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. ஒவ்வொரு மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எந்த இடத்தில் தப்பு என்று அவராகக் கேட்கும்வரை சொன்னதில்லை.