முகத்துக்கு மட்டும் மஞ்சள் எண்ணெய்

அக்காவின் கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். அவள் மேல் இல்லை. அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, காலை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் மேல்.

எழுபதுகளில் முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அக்கா உப்பளத்துக்குப் போனாள். வெறுங்காலோடு பாத்தியில் நின்று உப்பு வாரும் வேலை. உப்புத் தண்ணீர் குதிகாலைப் பிளந்துவிடும். சின்னக் கீறலைக்கூட ஆறவிடாது. அம்மா மஞ்சளை இடித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு, சிறுதீயில் காய்ச்சி வடிகட்டி வைத்திருப்பாள். வேலை விட்டு வந்ததும் அக்கா காலைக் கழுவி, ஈரம் துடைத்து, அதைத் தடவிக்கொள்வாள். வெடிப்பு இளகும், அரிப்பு அடங்கும். நல்ல எண்ணெய் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு சித்திரையில் வேம்பார்ப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவனுடைய அம்மாதான் அக்காவை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் அம்மாவிடம் சொன்னாள்:

"முகவெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு மைனி. நிறந்தான் மட்டு. தெனமும் மஞ்ச எண்ண தேச்சு விடுங்க, வெளுத்துரும். ஆடி கழியட்டும், வந்து பாக்கோம்."

அவர்கள் படி இறங்கியதும் அப்பா சட்டம் போட்டார். "இனிமே அந்த எண்ண முகத்துக்கு மட்டுந்தான். காலுல தேச்சு வீணாக்கக் கூடாது." அம்மா தலையாட்டினாள்.

அளத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. காலையில் முகத்தில் எண்ணெயைப் பூசி அனுப்புவார்கள். அந்த முகத்தோடு பகல் முழுக்க வெயிலில், கண் கூசும் உப்புக்கு நடுவில் நிற்பாள். எப்படி வெளுக்கும்? மஞ்சளும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத்தான் ஆனது. "ஏளா, கல்யாணப் பொண்ணுக்கு மஞ்சக் காமாலையா?" என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணுக்காலுக்குக் கீழே உப்புக் கல் கீறிய இடம் சிவந்து வீங்கியது. அக்கா எண்ணெய் கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெளியே போய்விட்டார். சில நாளில் சீழ் வைத்து, காலை ஊன்ற முடியாமல் ஆகிவிட்டது. யாரிடமும் கேட்காமல் நான்தான் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார். "சீழ் வச்ச புண்ணுல இனிமே எண்ணெய், மஞ்சள் எதையும் போடாதீங்க. மருந்துதான். வெடிப்பா இருந்தப்பவே காலைக் கவனிச்சிருக்கணும். அதுகூடவா வீட்டுல யாருக்கும் தெரியல?" என்றார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் என் கோபமே.

ஆடி கழிந்து அவர்கள் வந்தபோது புண் ஆறித் தழும்பாகியிருந்தது. அந்த அம்மாள் அக்காவின் கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் பெருசா வெளுக்கலியே."

"இன்னும் கொஞ்ச நாள் தேச்சா..." என்று அப்பா இழுத்தார்.

அக்கா உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, எல்லாருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்கால்வரை ஏற்றிக்கொண்டு, வெடித்த குதிகாலில் எண்ணெயைத் தடவினாள்.

"இது காலுக்கு உள்ள எண்ண, அத்த. இத முகத்துல பூசிட்டுக் கால கவனிக்காம விட்டதாலதான் இங்கன சீழ் வச்சுது. தழும்ப நல்லாப் பாத்துக்கிடுங்க."

"ஏ மூதி, எந்திரி!" என்று அப்பா கத்தினார்.

அவ்வளவு நாளும் தலையாட்டிக்கொண்டிருந்த அம்மா அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய இன்னொரு காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அவ எந்திரிக்க மாட்டா" என்றாள்.

வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்கள்.

பிற்பாடு அக்கா ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூட்டை உராய்ந்து அவர் தோள் தோலுரிந்து வந்தபோதெல்லாம், அவள்தான் உட்காரவைத்து எண்ணெய் போட்டுவிட்டாள். "ஒனக்கு ரோஷமே கெடையாதா?" என்று கேட்டேன்.

"அவருக்கு வலிக்குதுல்லா" என்றாள்.

நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன்.