குலசாமிக்குக் கட்டிய கம்பிவலையோடு நெருப்பெரிச்சல் போனது

தை அமாவாசைக்கு மறுநாள் மூலனூரிலிருந்து நெருப்பெரிச்சலுக்குக் கிளம்பினேன். மகள் வயிற்றுப் பேரன் சரவணன் அங்கே நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறான். புது மிஷினில் ஓடும் முதல் துணியில் ஒரு முழம் வெட்டிக் குலசாமிக்குக் கட்டுவது எங்கள் வழக்கம். இந்தமுறை ஓடியது பனியன் துணி இல்லை. செயற்கைக்கோளில் குடைபோல விரியும் ஆன்டெனாவுக்கு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் பின்னிய வலை. அதிலும் வெட்டிக் கொடுத்தான்; நானும் அமாவாசையன்று கோயிலில் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் அவனிடமிருந்து போன். "அம்மாயி, வலை எடை குறையுதுன்னு ஆபீசர் வந்து உக்காந்திருக்காருங்க. ஒரு துண்டும் வெளிய போகக்கூடாதாமா. அவுத்து எடுத்துட்டு வாங்க, இல்லீன்னா ஆர்டரே போயிருமுங்க."

சாமிக்குக் கட்டியதை எங்கள் வீட்டில் யாரும் அவிழ்த்ததில்லை. நான் அவிழ்த்தேன்.

ஒன்பது மணி பஸ். தாராபுரத்துக்கு முக்கால் மணி நேரம். அங்கே மாறினால் திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய்.

"பையில என்னங்க, முருங்கைக்காயா?" என்றார் கண்டக்டர்.

"ஆகாசத்துக்குப் போற குடைங்க."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டரட்டுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பூரிலிருந்து டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை.

வாசலிலேயே சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "கோயல்ல யாரும் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அம்மாயி. வெளியாளு பாத்திருந்தா ஆர்டர் இல்லைங்கறாருங்க."

ஆபீசர் வெளிநாட்டு விண்வெளிக் கம்பெனியின் ஆள். பேச்சு மதுரைப் பக்கம். மஞ்சள் படிந்த வலையைத் தராசில் வைத்தார்.

"இது மேல போயி என்னங்க பண்ணும்?" என்று கேட்டேன்.

மற்றதெல்லாம் ரகசியம் என்றவர் இதைமட்டும் பெருமையாகச் சொன்னார். "ராத்திரியிலயும் மேகத்துக்கு மேல இருந்து தரையைப் படம் பிடிக்கும்மா. நடத்துறது தனியார் கம்பெனி. கூட்டணி நாட்டு ராணுவமெல்லாம் படத்தை வாங்கிப் பகிர்ந்துக்கும்."

என் மூத்த மகன் பட்டாளத்தில் இருந்தான். மலைமேல் கூடாரத்தில் தூங்கும்போது குண்டு விழுந்தது. சவப்பெட்டியோடு வந்த பட்டாளத்துக்காரர், "மேலிருந்து படம் பிடிச்சுக் குறி வெச்சுட்டாங்கம்மா" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். எதையும் நான் மறக்கவில்லை. அன்று அவனைப் படம் பிடித்த குடைக்கும் ஏதோ ஊரில் எவனோ ஒருவன் வலை பின்னித்தானே இருப்பான்? அவனும் ஒருத்திக்குப் பேரன்தானே?

"இதை எத்தனை பேர் பார்த்தாங்க?" என்று கேட்டார் ஆபீசர்.

சரவணன் என்னையே பார்த்தான்.

"அமாவாசைக் கூட்டம் மொத்தமும் பாத்துச்சுங்க. செல்போன்ல படமும் புடிச்சாங்க."

ஆர்டர் போய்விட்டது. "செத்த மாமனுக்காக உசுரோட இருக்கற என்னையக் காவு குடுத்துட்டீங்களே அம்மாயி" என்றான். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. மிஷின் வெளிநாட்டுக்காரர்களுடையது, கழற்றி எதிர்ப்பக்கக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். இந்த ஆர்டரை நம்பிப் பனியன் மிஷின்களை அவன் முன்பே விற்றிருந்தான். நான் சொன்ன சொல்லால் ஒரு கம்பிகூட நின்றுவிடவில்லை. இருந்தாலும், இன்னொருமுறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இந்த வழியாகப் போகிறவர்கள் ஒன்பது மணி பஸ்ஸை விடவேண்டாம், அடுத்ததில் வெயில் கொல்லும். தண்ணீர் எடுத்துப் போங்கள். நெருப்பெரிச்சலில் இறங்கினால் இரண்டு கம்பெனியும் எதிரெதிரே இருக்கும். சத்தம் வரும் பக்கம் வலை ஓடுகிறது. சத்தமில்லாமல் ஷட்டர் இறங்கிக் கிடப்பது என் பேரனுடையது.