சட்டையில் கொட்டிய ஒயின்

பிள்ளைகளே, ராபர்ட்சன்பேட்டையில் என் நண்பர் வீட்டு விருந்தில்தான் அந்தச் சமையல்காரரைப் பார்த்தேன். தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் இத்தாலி ஹோட்டலில் சமைக்கிறவர். ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்களுக்குப் பூண்டு போட்ட பாஸ்தா செய்து, தானும் கூட உட்கார்ந்து சாப்பிட்டு, ருசி பார்க்க விதவிதமான ஒயினும் ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தாரே தவிர, உதட்டில் வைக்கவில்லை.

“இன்னாப்பா, மல்லிப்பூவா அது? ஒரு வாய் குடி. வேணாம்னா துப்பிடு,” என்று நண்பர் கிளாஸை நீட்டினார்.

“வேணாம்ண்ணா, குடிய உட்டுட்டேன். வூட்டுக்குப் போனா எம் பொண்ணு வாயை மோந்து பாக்கும்.”

நண்பர் விடாமல் திணித்ததில் ஒயின் அவர் சட்டை முழுக்கக் கொட்டிவிட்டது. அவர் முகம் செத்துப்போனது. மனசு கேட்காமல், அவர் குடிக்கவில்லை என்று சாட்சி சொல்ல நானும் அவர் வீட்டுக்குக் கூடப் போனேன்.

கதவைத் திறந்த சிறுமி சட்டையைப் பார்த்ததும் அழப் போனாள். நான் பேச வாயெடுத்தேன். அவர் கைகாட்டி என்னை நிறுத்திவிட்டு, அவள் முன்னால் மண்டியிட்டு வாயைத் திறந்தார்.

“நீயே பாரு, கண்ணு.”

கிட்டே போய் மோந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சீ, பூண்டு நாத்தம்ப்பா!”

தன் மகள் முன்னால் அப்படி மண்டியிட்ட இன்னொரு அப்பாவை நான் பார்த்ததில்லை.