ஹாஜா மைதீன் வாங்கிய லென்ஸ்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அதிராம்பட்டினத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஹாஜா மைதீனின் மகள்.

"மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. காலையில டீ குடிச்சிட்டு அப்படியே சாஞ்சாங்க, அவ்வளவுதான். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களால வர முடியுமா?"

வருகிறேன் என்றேன். என் வயதில் இப்படிப்பட்ட செய்திகள் அதிர்ச்சியாக வருவதில்லை. எதிர்பார்த்த கடிதம் போல வருகின்றன. சட்டையை மாட்டிக்கொண்டு தஞ்சாவூரில் பஸ் ஏறி, பட்டுக்கோட்டையில் மாறி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அடக்கம் செய்யும் மையவாடி வாசலில் பழைய விவசாய சங்கத்துக்காரர் ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, "தங்கமான மனுசன். அந்த ஒரு படத்தை மட்டும் அவரு பேப்பர்ல போட விட்டிருக்கக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். நாற்பது வருஷமாக அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாஜாவைத் தெரிந்தவர்களே இதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதால், இந்த முறை தலையை ஆட்டாமல் நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் உதவி ஆசிரியர். ஹாஜா எங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர். மாதச் சம்பளம் கிடையாது, வந்த படத்துக்குத்தான் காசு. மிச்ச நாளெல்லாம் கல்யாணங்கள். எனக்கு ஒரு வயது மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை "பாய்" என்பேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஊரில் ஐந்து குடும்பங்கள் குத்தகை நிலத்தில் பயிர் செய்துவந்தன. ஊர்ப் பெயர் வேண்டாம், வழக்கில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நிலத்துக்காரர், இவர்கள் என் குத்தகைக்காரர்களே இல்லை, கூலிக்கு வந்தவர்கள் என்று சொல்லிவிட்டார். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றச் சொல்லித் தாசில்தாரிடம் மனு போயிருந்தது. உழுதது, நட்டது, களை எடுத்தது எல்லாம் இவர்கள்தான் என்று காட்ட வேண்டும். யார் பயிர் செய்கிறார் என்று கணக்கெழுதும் அடங்கலில் நிலத்துக்காரர் பெயர்தான் இருந்தது. போட்டோ எடுத்து வைத்தால் உதவும் என்று சங்கத்தில் யாரோ சொன்னார்கள். ஹாஜா போனார். வரப்பில் கால் வைத்ததுமே நிலத்துக்காரரின் காரியக்காரர் கேமராவைப் பிடுங்கி, ஃபிலிமை உருவிப் போட்டுவிட்டு, கேமராவை வாய்க்கால் சேற்றில் எறிந்தார். "அடுத்த தடவை ஆளையும் சேத்து எறிவோம்" என்றாராம்.

ஹாஜா அந்தக் கேமராவை மூன்று நாள் காயவைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "சார், வயல்லதான் அவன் விரட்டுவான். ஆத்துக்கரை கவர்மெண்டு கரை. அங்கேருந்து எடுக்கலாம். தூரத்து லென்ஸ் ஒண்ணு வேணும்" என்றார். நான் மேலாளரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டடி முன்னால போய் எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மேலாளர் ஃபைலைத் திருப்பினார்.

அதன்பிறகு ஒரு மாதம் ஹாஜாவுக்கு வேறு பேச்சே கிடையாது. அவருடைய ஸ்டுடியோவுக்குப் போனால் பழைய விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டிருப்பார். கேமரா கம்பெனியின் சொந்த ஜூம் லென்ஸ் வாங்க, வீட்டில் இருந்த நகையை விற்க வேண்டும். "நகையை வித்து லென்ஸ் வாங்கினா, அதுல பாக்குறதெல்லாம் அந்த நகையாத்தான் தெரியும்" என்று அதை முதலிலேயே ஒதுக்கினார். ஐந்நூறு மில்லிமீட்டர் எட்டும் மலிவான லென்ஸ் ஒன்று இருந்தது, உள்ளே கண்ணாடியால் ஒளியைத் திருப்பும் வகை. அதில் வெளிச்சம் நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்க முடியாது, ஐப்பசி மேகத்தில் ஒன்றும் ஆகாது. "பின்னால இருக்கற தண்ணிப் பளபளப்பெல்லாம் வடை வடையா விழும் சார். வயலா, வடைக் கடையான்னு தாசில்தார் கேப்பாரு" என்றார். இருக்கிற லென்ஸுக்குப் பின்னால் மாட்டி இரண்டு மடங்காக்கும் சாமான் இருக்கிறதே என்று நான் கேட்டேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், தெளிவும் போய்விடும் என்றார்.

மிஞ்சியது இரண்டு. இருநூறில் நிலையாக நிற்கும் பழைய லென்ஸ் ஒன்று, கூர்மையானது. இன்னொன்று எண்பதிலிருந்து இருநூறு வரை போகும், பெயர் தெரியாத கம்பெனியின் ஜூம். நான் கூர்மையானதை வாங்கச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கரையில நான் நிக்கற எடம் ஒண்ணுதான். முன்ன பின்ன நகர முடியாது. ஆளும் வேணும், எந்த வயல்னு தெரியற மாதிரி சுத்துப்பட்டும் வேணும். எடத்தை விட்டு அசையாம ரெண்டையும் எடுக்க ஜூம்தான்" என்றார்.

சென்னையில் துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருந்த அவர் ஊர்க்காரரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அதே வகை ஜூம் மூன்று இருந்தது. ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். லென்ஸின் மூக்கைக் கீழே தொங்கவிட்டு, குழல் தானாக நழுவி இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு கேமராவில் மாட்டிக் கடை வாசலில் நின்று, எதிர்க் கட்டடத்துப் பெயர்ப் பலகையை மூன்றிலும் படம் எடுத்தார், துளையை முழுக்கத் திறந்து ஒன்று, இரண்டு படி குறைத்து ஒன்று. கடைக்காரர் பொறுமை இழந்து, "என்ன பாய், பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். "பொண்ணு பாக்கறது ஈஸி. அவங்களும் நம்மளப் பாத்துக்குவாங்க" என்றார் ஹாஜா. பக்கத்துத் தெருவில் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். துளையை இரண்டு படி குறைத்தால் அது விலை உயர்ந்த லென்ஸுக்குச் சமம் என்று ரயிலில் திரும்பத் திரும்பச் சொன்னார். முழுக்கத் திறந்தால் ஓரம் குழம்பும். அதைப் பற்றிக் கேட்டபோது, "ஓரத்துல ஆகாயம்தானே இருக்கப்போவுது" என்றார்.

அந்த சம்பா முழுவதும் அவர் கரையில் நின்றார். புரட்டாசியில் நடவு, ஐப்பசியில் களை. சைக்கிள் இருக்கையில் மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்துக்கொள்வார். எத்தனை தூரம் எட்டும் என்பதைவிடக் கை ஆடாமல் இருப்பதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு முறையும் முதலில் எண்பதில் அகலமாக ஒன்று, பிறகு நகராமல் இருநூறில் கிட்டத்தில் ஒன்று. களை எடுக்கும் பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி, ஐந்து குடும்பங்களில் ஒன்றின் மருமகள். கரையைப் பார்த்து, "பாயி, என்னைய அழகா எடுங்க" என்று கத்துவாளாம்.

தை மாதம் நிலத்துக்காரர் வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுக்க ஏற்பாடு செய்தார். அதற்கு முந்திக்கொண்டு இவர்கள் விடிந்ததும் வயலில் இறங்கினார்கள். பாதி அறுப்பில் போலீஸ் வந்தது. கரையிலிருந்து ஒரு வாய்க்காலும் ஒரு வயலும் தள்ளித்தான் எல்லாம் நடந்தது. ஹாஜா எடுத்தார். அன்று மாலையே இரண்டு பிரிண்டுகளை ஒரு கவரில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்று அகலமானது, இருபது பேர் குனிந்து அறுக்கிறார்கள், வரப்பில் காக்கிகள், முகம் எதுவும் தெரியவில்லை. மற்றது கிட்டத்தில் எடுத்தது. அஞ்சலை கையில் அரிவாளோடு நிமிர்ந்து பார்க்கிறாள், பின்னால் மூன்று பேரின் முகம், ஓரத்தில் ஒரு காக்கித் தோள். கவரின்மேல் பென்சிலில் எழுதியிருந்தார்: "அகலமானதைப் போடுங்க. கிட்டத்துப் படம் தாசில்தாருக்கு மட்டும்."

நான் கிட்டத்துப் படத்தைப் போட்டேன். அது நல்ல படம், அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் செய்தால் ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடையில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். செய்யவில்லை.

மூன்றாம் நாள் போலீஸ் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் முகம் பார்த்துப் பிடித்தது. நான்கு பேர். நெல் திருட்டு, அத்துமீறல். அஞ்சலை திருச்சி சிறையில் ஒரு மாதத்துக்குமேல் இருந்தாள். கைக்குழந்தையை மாமியார் வைத்துக்கொண்டார்.

திருக்காட்டுப்பள்ளி பஸ் நிலையத்தில் சங்கத்துக்காரர்கள் ஹாஜாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "எவ்வளவு குடுத்தான் பண்ணைக்காரன்?" என்று ஒருவர் கேட்டார். ஹாஜா ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "தப்பு என்னோடதுதான். அவ்வளவு கிட்டத்துல எடுத்துக் குடுத்திருக்கக் கூடாது" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்க ஊருக்குள்ள போயித்தான் நியூஸ் எடுக்கணும். எனக்கு லென்ஸ் இருக்கு சார், நான் தூரத்துல நின்னுக்குவேன்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

தாசில்தார் விசாரணை வாய்தா வாய்தாவாகப் போயிற்று. ஆட்சி மாறியது, தாசில்தார் மாறினார், கரையில் இருந்த கொடிக்கம்பத்தில் கொடியும் மாறியது. ஹாஜா ஒரு வாய்தாவையும் விடவில்லை. நிலத்துக்காரரின் வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது நான் இருந்தேன். "இந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இருப்பதுபோலக் காட்டும், இல்லையா?" என்று கேட்டார் வக்கீல். "ஆமாங்க. முன்னால இருக்கறதையும் பின்னால இருக்கறதையும் ஒட்டவைக்கும்." "அப்படியானால் இது எந்த வயல் என்று எப்படிச் சொல்ல முடியும்?" ஹாஜா அகலமான படங்களை எடுத்து, ஒவ்வொரு கிட்டத்துப் படத்துக்குப் பக்கத்திலும் ஒன்றாக மேசையில் அடுக்கினார். "ஒரே எடம், ஒரே நிமிசம். இதுல மின்சாரக் கம்பம் இருக்கு, மதகு இருக்கு, அந்தப் பனைமரம் இருக்கு. நாளைக்குக் கரையில வந்து நின்னு பாருங்க." தாசில்தார் வந்து பார்த்தார். ஐந்தில் நான்கு குடும்பங்களின் பெயர் பதிவேட்டில் ஏறியது. மேல்முறையீடு, அதன்மேல் முறையீடு என்று இழுத்தாலும் அது நின்றது. திருட்டு வழக்கு பல வருஷங்களுக்குப் பிறகு சாட்சி இல்லாமல் தள்ளுபடியானது. நிலத்தில் ஒரு பகுதி இன்று மனைக்கட்டு. வெற்றி என்று சொல்லலாம், உரக்கச் சொல்ல முடியாது.

பிற்பாடு அவர் ஊரோடு போய்விட்டார். அந்த லென்ஸில் கடற்காற்று பட்டுப் பூஞ்சை படர்ந்து, ஒரு நாள் கழற்றிப் பார்க்கிறேன் என்று கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. பறவைப் படம் எடுக்கும் ஆசையில் குறைந்த விலையில் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று யாராவது போனில் கேட்டால் மட்டும் பழைய உற்சாகம் வரும். "எத்தனை மில்லிமீட்டர்னு கேக்காதீங்க. எந்த வெளிச்சத்துல, எங்க நிக்கப்போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்பார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். எழுபதை நெருங்குகிறாள். மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் இருக்கிறது, மகன் பார்க்கிறான். களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஹாஜா இறந்ததைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அந்தக் கவரில் எழுதியிருந்ததையும், நான் செய்ததையும் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்ல நினைத்ததை, கடையில் சாமான் சொல்வதுபோல இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை.

"செயிலேருந்து வந்தப்பறம் நாலு வருசம் அவருகிட்ட நான் பேசல சார். வாய்தாவுக்கு வருவாரு, மூஞ்சியத் திருப்பிக்குவேன். சித்திரை வெயில்ல ஒருநாளு வாசல்ல நின்னு தண்ணி கேட்டாரு. சொம்பை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன், வெளிய வரல. அவரு அப்படியே போயிட்டாரு." முறத்தை மறுபடி எடுத்தாள். "நீங்க அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, குடுத்திருப்பேன்ல?"

ஹாஜா மைதீன் எடுத்த படங்கள் உங்களில் பலர் வீட்டுச் சுவரில் இருக்கும். கல்யாணப் படம், குழந்தைப் படம், அந்தக் காலத்து ஆற்றில் வெள்ளம் போன படம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு சொம்புத் தண்ணீரை நான் வைத்துக்கொள்கிறேன்.