நான்கு ஸ்பிரிங் பட்டைகள்

சாந்திகுமாரிடம் ஒரு கெட்ட பழக்கம். யார் என்ன யோசனை சொன்னாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வான். கடைசியில் தான் நினைத்ததைத்தான் செய்வான். எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் அவன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி மத்தலாங்குளத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது, யோசனை சொல்லத் திருவண்ணாமலையில் ஆளுக்கா பஞ்சம்! முகப்பு லைட்டை மாற்று என்றார் ஒருவர். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹாரன் வை என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் தலையாட்டினான்.

அவன் அவலூர்ப்பேட்டைப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பிள்ளை; அவர்களை ஊரில் நயினார் என்பார்கள். அண்ணன் தம்பி நாலு பேருக்கு நிலம் போதாது என்று பதினெட்டு வயதில் டவுனுக்கு வந்து, எட்டு வருஷம் யார் யாருடைய லாரியையோ ஓட்டினான். சொந்த வண்டி என்று ஸ்டியரிங்கைப் பிடித்தது இப்போதுதான். காலையில் டவுனிலிருந்து கிராமங்களுக்கு உர மூட்டை, திரும்பும்போது மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை. ஞாயிற்றுக்கிழமைகூட வண்டி சும்மா நிற்காது.

முதலில் எதைச் செய்வது என்பதில் வீட்டிலேயே சண்டை வந்தது. மனைவி குசுமாவதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். பின்னால் தார்ப்பாய்க் கூண்டு கட்டி, இரண்டு பக்கமும் உட்காரப் பலகை போட வேண்டும் என்றாள். மெக்கானிக் அப்பாசாமி பிரேக்கையும் ஷாக் அப்சார்பரையும் காட்டினார். சாந்திகுமாருக்கோ ஒரே கவலைதான். பதினெட்டு மூட்டை ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. கையில் இருந்ததை வைத்து ஒரு வேலைதான் செய்ய முடியும். பக்கத்துக்கு இரண்டாக நாலு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டான்.

"நயினாரே, சொல்றதக் கேளுங்க. பாரம் இருந்தா சரி. காலியா போனா தூக்கித் தூக்கி அடிக்கும். வீட்டுக்குப் போயி எலும்பை எண்ணிக்கணும்" என்றார் அப்பாசாமி.

"நான் எப்பங்க காலியா போறேன்? போறப்ப உரம், வர்றப்ப மல்லாட்டை. நீங்க போடுங்க."

போட்டார். வண்டி சும்மா நிற்கும்போதே பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பதினெட்டு ஏற்றிய இடத்தில் இருபத்திரண்டு ஏற்றினான். என்ன பெருமை, என்ன பெருமை! இரண்டு மாதம் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

பங்குனியில் வளைகாப்பு முடிந்து குசுமாவதி தாய் வீட்டுக்குப் போனாள். அவலூர்ப்பேட்டை ரோட்டில் போய், மண் ரோட்டில் திரும்பி நாலு மைல் உள்ளே போனால் அந்த ஊர். சித்திரையில் ஒரு நாள், அதே ஊரில் கடலை மூட்டை ஏற்றி, கயிறு கட்டி முடித்துவிட்டு, அவளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாமியார் வீட்டுக்குப் போனான். மணி பதினொன்று இருக்கும். உள்ளேயிருந்து மாமியார் ஜினமதி ஓடிவந்தாள். கையெல்லாம் ரத்தம்.

"மாப்பிள்ளை, வண்டி இருக்குதுங்களா?"

பாயில் கிடந்தாள் குசுமாவதி. எட்டாம் மாதம். வலியில்லாமல் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஊர் மருத்துவச்சி வேதா அவனைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள்: "நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கெடக்குதுபோலங்க. என் கையில ஒண்ணும் இல்ல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஆனா குலுங்கக் கூடாது. குலுங்கினா ரெண்டு உசுரும் போயிடும்."

தெருவே கூடிவிட்டது. எட்டுப் பேர் சேர்ந்து மூட்டைகளை உருட்டித் தள்ளினார்கள். அதற்கு முன்பே சாந்திகுமார் பல்லால் கடித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தான். வைக்கோலைப் பரப்பி, மேலே மெத்தை போட்டு, அவளைப் படுக்க வைத்தார்கள். ஜினமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒன்றுமில்லை.

ஊர் எல்லையில் முதல் பள்ளம். பின்சக்கரம் இறங்கி ஏறியதும் வண்டி ஒரு சாண் எழும்பித் தொப்பென்று விழுந்தது. "அம்மா!" என்று குசுமாவதி அலறியது என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வேகத்தைக் குறைத்தான். அடுத்த பள்ளத்திலும் அதே அடி. இன்னும் குறைத்தான். மாட்டு வண்டியே முந்திப் போகும்போல ஊர்ந்தான். அப்போதும் கல்லுக்குக் கல் தூக்கிப் போட்டது.

"மாப்பிள்ளை, ரத்தம் ஜாஸ்தியாவுதுங்க! சீக்கிரம் போங்க!" என்று ஜினமதி கேபினைத் தட்டினாள்.

வேகமாகப் போனால் குலுங்கிச் சாவாள். மெதுவாகப் போனால் ரத்தம் போய்ச் சாவாள். இந்த வண்டியை இப்படி ஆக்கியது யார்? தானேதான். அப்பாசாமி சொல்லியும் கேட்காமல், தானே செய்துகொண்டதுதான். பெண்டாட்டி பலகை போடு என்று கேட்டாள்; அவன் இரும்பைப் போட்டான். தலையிலடித்துக்கொள்ளக் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

எப்படியோ மெயின் ரோடு வந்துவிட்டது. அங்கேயும் கொடுமைதான். தார் பெயர்ந்து, ஜல்லி போட்டுச் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஜல்லிக் குவியல். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாந்திகுமார் சட்டென்று பிரேக்கை மிதித்துக் கீழே குதித்தான்.

"என்னாத்துக்குங்க நிறுத்துறீங்க? ஐயோ, எம் பொண்ணு போறாளே!" என்று கத்தினாள் ஜினமதி.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. வேலையாட்களின் தலைவர் இருசப்பனிடம் ஓடினான். "அண்ணே, ஜல்லி கொஞ்சம் வண்டியில கொட்டுங்க. அவசரம்ணே, கால்ல வேணா விழுறேன்."

இருசப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கவர்மெண்டு ஜல்லிங்க. கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

"வித்துத் தின்னவா கேக்கறேன்? பொண்டாட்டி சாவறா அண்ணே! பாரம் இல்லாம வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. பாரம் இருந்தா அடங்கிடும். பாரம் வேணும், அவ்ளோதான்!"

வள்ளி என்கிற பெண் கூடையைப் போட்டுவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சிவந்து கிடந்த வைக்கோலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாய்யா கணக்கு பேசிக்கினு நிக்கறே? வந்து பாரு!" என்று இருசப்பனை அதட்டினாள்.

பார்த்தார். கல்லை அள்ளிப் போட அரை மணி ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கையைத் தலைத்துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கல்லு எதுக்குங்க? நாங்க ஏறிக்கிறோம். ஏறுங்கடா எல்லாம்!"

பதினோரு பேர் ஏறினார்கள். அரை நாள் கூலி போய்விடும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பெண்கள் மெத்தையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகக் குசுமாவதியைத் தாங்கிக்கொண்டார்கள். வள்ளி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆண்கள் இரண்டு பக்கவாட்டிலும் தொற்றிக்கொள்ள, இருசப்பனும் இன்னொருவரும் பின்கதவில் தொங்கினார்கள். வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது.

சாந்திகுமார் கியரைப் போட்டான். முதல் பள்ளம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டான். வண்டி அமுங்கி எழுந்தது, தூக்கி அடிக்கவில்லை. பின்னாலிருந்து அலறல் வரவில்லை. "போங்க சாமி, போங்க! நாங்க புடிச்சிக்கிறோம்!" என்று இருசப்பனின் குரல்தான் வந்தது. அழுதுகொண்டே மிதித்தான். ஜினமதி பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்ல, அதைக் கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்கள். மலை தெரிந்தது. குசுமாவதியிடமிருந்து முனகலும் நின்றுபோயிருந்தது. அந்தக் கடைசி மூன்று மைல் போல அவன் வாழ்க்கையில் இன்னொரு மூன்று மைல் கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு பேரும் அவளை மெத்தையோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. சாந்திகுமார் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் கல்தூசி படிந்த பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

இரண்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். பெண் குழந்தை. எடை கம்மி, ஆனால் அழுகிறது. தாய்க்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது; பிழைத்துக்கொள்வாள். "இன்னும் கொஞ்சம் குலுங்கியிருந்தா கொண்டு வந்தே பிரயோசனம் இல்லை" என்றாள். அவன் எழுந்து கும்பிடுவதற்குள் இருசப்பனின் ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதற்கு முந்தின நாளே சாந்திகுமார் வண்டியை அப்பாசாமியிடம் கொண்டுபோய் விட்டிருந்தான்.

"நாலு பட்டையையும் கழட்டிடுங்க. நீங்க சொன்ன ஷாக்கையே போடுங்க."

அப்பாசாமி அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். வேலை முடிந்ததும் சாந்திகுமார் காலி வண்டியை ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்தான். மெத்தென்று போயிற்று. குசுமாவதியிடம் ஓடிப்போய்ச் சொன்னான், அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை குழந்தையைத் துணியில் சுற்றி ஜினமதி வாங்கிக்கொள்ள, அவன் மனைவியைத் தாங்கி மெல்ல வாசலுக்கு அழைத்து வந்தான். அங்கே வண்டியைச் சுற்றி இருசப்பன், வள்ளி, மற்ற ஒன்பது பேர். முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"இன்னைக்கி வேலைக்குப் போவலீங்களா அண்ணே?" என்றான்.

"தாயும் புள்ளயும் இன்னைக்கி வீட்டுக்குப் போவுதுன்னு உங்க ஊரு ஆளுங்க பேசிக்கினாங்களாம், பஸ் கண்டக்டரு சொன்னாரு" என்றார் இருசப்பன். "காலியா போனா தூக்கிப் போடுமே. தையல் போட்ட ஒடம்பு. அதான் வந்தோம்."

"வேணாங்கண்ணா, அவருதான் நேத்து..." என்று குசுமாவதி ஆரம்பித்தாள். சாந்திகுமார் அவள் கையை அழுத்தினான். கண்ணீர் கண்ணை மறைத்தது. முன்கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தான். பின்கதவைத் தானே இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"ஏறுங்க அண்ணே" என்றான்.